கேள்வி குழந்தைக்கு, பதில் அம்மாவிடமிருந்து

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பது, யாரோ சொன்னதை யாருக்கோ சொல்லிவிட்டு அதற்காக இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிற தொழில். ஊரிலிருந்து வந்த மாமனாரை முதுகு வலிக்காக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், இவர் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று கேட்க, நடுவில் நின்று முழித்திருக்கிறீர்கள் அல்லவா? நீங்களும் என் இனம்தான். இப்படி உட்காருங்கள், நம் கஷ்டத்தை நாம் பேசிக்கொள்ளலாம்.

எண்பதுகளின் நடுவில் மூன்று வருஷம், ஜெர்சி சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் இந்த வேலையைப் பார்த்தேன். பகலில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் காலேஜ். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் பேசியதை மாற்றவில்லை. பழக்கதோஷம்.

காதுக்குள் பட்டாணி

நான் போனது ஃபைல் அடுக்குகிற வேலைக்கு. கிரீன் கார்டு கிடைத்துக் குடும்பத்தோடு வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வயது இருபது. விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், கொஞ்சம் தெலுங்கு, பிழைக்கிற அளவு ஹிந்தி என்று எழுதியிருந்தேன். அதைத் தலைமை நர்ஸ் லொரெய்ன் பார்த்துவிட்டார். ஆறடி உயரம், சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. "ஃபைலை யார் வேண்டுமானாலும் அடுக்கலாம்" என்று என் சட்டைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாடிப்படியிலேயே இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, அறைக்குள் யார் எதைப் பேசினாலும் மொழிபெயர்க்க வேண்டும். சேர்க்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது. இரண்டு, கேள்வி குழந்தைக்கு என்றால் பதிலும் குழந்தையிடமிருந்து வர வேண்டும். பெரியவர்கள் அப்புறம். அந்தக் காலத்தில் மற்ற மாடிகளில் இப்படி ஒரு விதி இருந்ததாகத் தெரியவில்லை. இவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பையன் ஜுரம் என்று இரண்டு நாள் படுத்துக் கிடந்தானாம். அவன் அம்மாவை ஏழு டாக்டர்கள் ஏழு விதமாக விசாரித்தார்களாம். காதுக்குள் ஒரு பட்டாணி இருந்தது. போட்டவன் அவன்தான், அவனுக்குத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் "சரி மேடம்" என்றேன். அவர் குனிந்து காதைக் காட்டினார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "நல்ல பையன்தான். ஆனா உன் குரல் தரையிலே விழுந்து கிடக்கு. எடுத்துக்கிட்டு வந்து வேலையை ஆரம்பி."

ஆறு மூஞ்சிகள்

வலியை அளக்க எங்களிடம் ஒரு அட்டை இருந்தது. அதில் ஆறு மூஞ்சிகள். முதல் மூஞ்சி சிரிக்கும், ஆறாவது மூஞ்சி ஓவென்று அழும். குழந்தை தனக்கு எது பொருத்தமோ அதைத் தொட்டுக் காட்டினால் போதும், மொழியே வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர் நம் வீட்டுப் பெற்றோரைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பார்க்கில் ஏணியிலிருந்து விழுந்த ஆறு வயது சுரேஷைக் கொண்டுவந்தார்கள். கை மணிக்கட்டுக்கு மேலே புடைத்திருந்தது. லொரெய்ன் அட்டையை நீட்டினார். நான், "கண்ணா, உனக்கு எவ்வளவு வலிக்குது, தொட்டுக் காட்டு" என்றேன். "நாலு" என்றார் அப்பா. "அழற மூஞ்சியைத் தொடாதடா செல்லம், நீ ஸ்ட்ராங் பாய்தானே? அந்த ஆன்ட்டி என்ன நினைப்பாங்க?" என்றார் அம்மா. ஆறாவது மூஞ்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த விரல் ஐந்து, நாலு, மூன்று என்று நகர்ந்து, கடைசியில் சிரிக்கிற மூஞ்சியில் வந்து நின்றது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, விரல் சிரிப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறது. விதிப்படி அம்மா சொன்னது, அப்பா சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் லொரெய்னிடம் ஒப்பித்தேன். இருவரும் என்னை, வீட்டு விஷயத்தை வெளியே சொன்ன சம்பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியதும், அப்பா மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இவ்வளவு வலிச்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

மாஸ்டர்ஸ் டிகிரி

கவிதாவை நான் முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். பதினொரு வயது, இரட்டைப் பின்னல், இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசினால் முழுக்கப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். பள்ளிக்கூடத்தில் மூச்சு இழுத்து, அங்கிருந்து நேராகக் கொண்டுவந்திருந்தார்கள். மருந்துப் புகை வரும் முகமூடியை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது.

டாக்டர் கெல்லர் அவளைப் பார்த்து, "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "நேற்று மத்தியானத்திலிருந்து" என்றார் அப்பா, நல்ல இங்கிலீஷில். "எங்கே நேத்து? ஞாயித்துக்கிழமை அந்த ஐஸ்கிரீமைத் தின்னதிலிருந்து" என்றார் அம்மா, தமிழில். நான் டாக்டரிடம் ஐஸ்கிரீமைச் சொன்னேன். "தம்பி, ஐஸ்கிரீம் எல்லாம் வேண்டாம், அதை விட்டுடு" என்றார் அப்பா. அதையும் சொன்னேன். "ஏன் விடணும்? உங்க ஃப்ரெண்டு வீட்டுல குடுத்ததுன்னா அது ஐஸ்கிரீம் இல்லையா?" என்றார் அம்மா. அதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முகமூடிக்கு மேலே கவிதாவின் கண்களும் என்னைத்தான் பார்த்தன. நோயாளி டாக்டரிடம் காட்ட வேண்டிய பரிதாபத்தை என்னிடம் காட்டின.

டாக்டர் அவளிடமே மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஐயாம் ஓகே" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, தினமும் நான்கு வேளை இழுக்கச் சொல்லி அனுப்பினார்கள். எப்படி இழுக்க வேண்டும் என்று நான் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்கு எதுக்குப்பா டிரான்ஸ்லேட்டர்? நான் கெமிக்கல் இன்ஜினியரிங்ல மாஸ்டர்ஸ். காத்து எப்படி உள்ளே போகும்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

இரண்டு பத்து ஜெபமாலை

பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் டாக்டர் கெல்லர் பத்து நிமிஷம் தனியாகப் பேசுவார். அந்தப் பத்து நிமிஷம் பெற்றோரை வெளியே வைத்திருப்பது என் பொறுப்பு. இதை வேலையில் சேரும்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஃபைல் அறையிலேயே இருந்திருப்பேன்.

ஆரோக்கியம் ஆன்ட்டி பாளையங்கோட்டைக்காரர். மகன் அந்தோணிக்குப் பதினாறு வயது, மூன்று மாதமாகத் தலைவலி. "நீங்க கொஞ்சம் வெளியே வரணும் ஆன்ட்டி" என்றேன். "யாரு, நானா? பெத்தவ நான். இந்த உடம்புல எனக்குத் தெரியாம என்ன இருக்கு?" என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தோணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் காபி வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சிக் கீழே கான்டீனுக்குக் கூட்டிப் போனேன். காபியைப் பார்த்து, "இது பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றார். "உள்ளே என்ன கேப்பாங்க? சிகரெட்டா? பொண்ணு விஷயமா? நீ பையன்தானே, உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மணிகளைப் பத்துப் பத்தாக உருட்ட ஆரம்பித்தார். காபி ஆறியது.

மேலே போனபோது அந்தோணி தானே விஷயத்தைச் சொன்னான். வகுப்பில் போர்டில் எழுதுவது தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில் தலைவலி. வீட்டில் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை முடிவதற்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. ஆரோக்கியம் ஆன்ட்டிக்கு முதலில் நிம்மதி வந்தது. உடனே கோபம் வந்தது. "கண்ணாடிதானா? இதுக்காடா நான் ரெண்டு பத்து ஜெபமாலை முடிச்சேன்!"

டெக்ஸாஸ் மச்சான்

ஆறு வாரம் கழித்துக் கவிதா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ஒரு நாள் படுக்கையில் வைத்திருந்து பார்த்தார்கள். இன்ஹேலர் தினமும் நான்கு வேளை இழுக்கிறாளா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். "நாலு வேளையும், டயத்துக்கு" என்றார் அப்பா. அம்மா தலையை ஆட்டினார். கவிதா போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். 'நாலு வேளை, ஒழுங்காக' என்று ஃபைலில் ஏறியது.

டாக்டர் கெல்லர் உட்கார்ந்து விளக்கினார். இவ்வளவு மருந்துக்கும் அடங்கவில்லை என்றால், அடுத்த தடவை ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்க வேண்டி வரும். நாள்பட எடுத்தால் முகம் ஊதும், எடை கூடும், வளர்த்தி மட்டுப்படலாம். வேறு வழியில்லை என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கவிதாவுக்கு இரண்டு மொழியிலும் புரிந்தது. ஒரே கெட்ட செய்தியை இரண்டு தடவை கேட்டாள். அவளிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்று லொரெய்ன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அம்மாவைக் காபி சாப்பிடக் கூப்பிட்டேன். "நான் காபி விட்டு எட்டு வருஷமாச்சு தம்பி" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா நகர்ந்தார். ஆனால் தொலைபேசிக்கு. டெக்ஸாஸில், ஆலன் என்ற ஊரில், அவருடைய மச்சான் டாக்டராக இருக்கிறார். அவரைக் கேட்காமல் எதற்கும் சம்மதிக்க முடியாது. நர்ஸ் மேஜையிலிருந்து டிரங்க் கால் போகிறது. பின்னால், ஊசி போட யாரும் வராமல் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. பாதியில் அப்பா ரிசீவரை என்னிடம் தள்ளினார்: "நீ பேசு, மச்சான் சொல்றதைக் கரெக்டா டாக்டர்கிட்ட சொல்லு." அந்தப் பக்கம் குரல் தயங்கியது. "தம்பி, நான் பத்தாலஜிஸ்ட். என்கிட்ட வர்றவங்க மூச்சு விடுறதை நிறுத்தி ரெண்டு நாள் ஆகியிருக்கும். அத்தானுக்கு இது எத்தனை தடவை சொன்னாலும் ஏறலை. நீங்க அந்தப் பொண்ணையே கேளுங்களேன்." எனக்கு அந்த மனிதரை ரயிலேறிப் போய்க் கும்பிட வேண்டும்போல இருந்தது. சொன்னதைச் சொன்னபடியே அப்பாவிடம் சொன்னேன். அவர் டெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். "அவளுக்கு என்ன தெரியும்? பதினொரு வயசு. அவ மூச்சைப் பத்தி அவளா சொல்லப் போறா?"

ரவை டப்பா

மூன்றாவது தடவை, அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அம்மா மட்டும் டாக்ஸி பிடித்துக் கூட்டி வந்திருந்தார். காலில் வெவ்வேறு ஜோடிச் செருப்பு. கவிதாவால் ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. முகமூடி, ஊசி, மறுபடி முகமூடி என்று முக்கால் மணி நேரம் போராடிய பிறகுதான் தோள் இறங்கியது. டாக்டர் கெல்லர் பழைய ஃபைலைப் புரட்டினார். 'நாலு வேளை, ஒழுங்காக.' பெருமூச்சு விட்டு, மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஸ்டீராய்டு மாத்திரை, முதலில் மூன்று மாதத்துக்கு.

அப்போது அம்மா குனிந்து, கவிதாவின் முடியை ஒதுக்குவதுபோல், மெதுவாகச் சொன்னார்: "ரவை டப்பா விஷயத்தை இங்கே சொல்லிட்டு நிக்காத. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்."

மெதுவாகப் பேசுவதில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. அதனாலேயே மெதுவாகப் பேசினால் எனக்கு நன்றாகக் காதில் விழும். லொரெய்ன் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?" விதி எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஆன்ட்டி என்னை வாய் நிறையத் தம்பி என்று கூப்பிடுகிறவர். போன தடவை எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தவர். "ஆன்ட்டி, ரூமுக்குள்ளே பேசினதை எல்லாம் நான் சொல்லியாகணும்" என்றேன். அவருக்கு முகம் வெளுத்தது. "உனக்கா சொன்னேன்? நான் என் பொண்ணுகிட்ட சொன்னேன். அதுகூடச் சொல்லக் கூடாதா?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, திருச்சியில எங்க சித்தி இந்த ஸ்ப்ரேயைத்தான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் அதை விடவே முடியலை. சாகுற வரைக்கும் கையில பிடிச்சுட்டே இருந்தாங்க. இவளுக்கும் பழக்கமாயிடக் கூடாதுன்னுதான், ரொம்ப முடியாதப்போ மட்டும் எடுத்துக் குடுக்கறேன். யாராச்சும் வீட்டுக்கு வந்தா கண்ணுல படக் கூடாதுன்னு மேல் அலமாரியில, ரவை டப்பாவுக்குப் பின்னால வெச்சிருக்கேன். மிளகு போட்டுப் பால் குடுக்கறேனே, அது மருந்து இல்லையா?"

டாக்டரின் பேனா சீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதை முதலில் மொழிபெயர்ப்பது என்று வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் கவிதா முகமூடியைக் கழற்றிவிட்டாள். இங்கிலீஷில் டாக்டரிடம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவைப் பார்த்து, தமிழில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"அம்மா. காலையில நீ கடைக்குப் போயிட்ட. எனக்கு மூச்சு வரலை. எனக்கு எட்டலை. சேர் போட்டு ஏறினேன். ஏறும்போது இன்னும் வரலை. ரவை எல்லாம் கீழே கொட்டிடுச்சு. நான் அந்த ரவை மேலே உட்கார்ந்துட்டேன். நீ வரவே இல்லை. எனக்குப் பயமா இருந்துச்சும்மா. அது என் பையில இருக்கணும்."

"என்ன சொல்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார். அவள் சொன்னதையும், அதற்கு முன் அம்மா சொன்னதையும் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக, குரல் மூன்று கட்டில் தாண்டிக் கேட்டது. லொரெய்ன் ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் பின்னால் போட்டார். டாக்டர் கெல்லர் சீட்டைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். நான்கு வேளையும் மருந்து உள்ளே போகவே இல்லை என்றால், அது வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? மாத்திரை இப்போது வேண்டாம். முதலில் இதைச் சரியாக எடுத்துப் பார்ப்போம். பழக்கமாகிவிடுகிற மருந்து இல்லை இது என்று அம்மாவிடம் அவரே பொறுமையாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு, இன்ஹேலர் இவள் பையிலேயே இருக்கட்டும் என்று ஒரு கடிதமும் எழுதினார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இதெல்லாம் காதில் விழாததுபோல மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. மன்னிப்பு கேட்கப் போகிறார், அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது இது: "எந்தச் சேர்லடி ஏறின? அந்தக் கால் ஆடுற சேர்லயா?"

இருபது நிமிஷம்

இரண்டு மாதம் கழித்துச் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். மூன்று பேரும். கவிதா மாடிப்படி ஏறி வந்தாள். லிஃப்டில் வந்த அப்பா அவளுக்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தார். ஸ்டீராய்டு மாத்திரை என்ற பேச்சே எழவில்லை. பள்ளிப் பையின் முன் ஜிப்பில் இன்ஹேலர் இருந்தது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பையில் சுற்றி நாலு மிளகு. இரண்டும் இருக்கட்டும் என்று தாய்க்கும் மகளுக்கும் ஏதோ ஒப்பந்தம்.

டாக்டர் வழக்கம்போலக் கவிதாவைப் பார்த்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் முழங்கையில் ஒரு இடி இடித்தார். வாய் மூடிக்கொண்டது. என் மூன்று வருஷ வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றம் அதுதான்.

ஆனால் அதன் விளைவை யாரும் யோசிக்கவில்லை. கவிதா பேச ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் பேசினாள். ஜிம் டீச்சர் ஓடச் சொல்லிக் கத்துவது, பள்ளி நர்ஸ் கடிதத்தைப் படிக்காமல் டிராயரில் போட்டது, மிளகுப் பாலில் ஆடை மிதப்பது, வீட்டுக்கு வருகிற ஆன்ட்டிகள் எல்லாரும் முதுகைத் தடவி வைத்தியம் சொல்வது, எல்லாம். டாக்டர் அடுத்த பக்கம் திருப்பி எழுதினார். கடைசியாக, அப்பா காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிகரெட் பிடிப்பதாகவும், பின்சீட்டில் இவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிப்பதாகவும், இதை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதற்கு வாராவாரம் சாக்லேட் கிடைப்பதாகவும் சொன்னாள். இவ்வளவும் இங்கிலீஷில். அம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா? சிகரெட்னு காதுல விழுந்துதே. முழுசா சொல்லு தம்பி, ஒண்ணு விடாம."

சொன்னேன். ஒன்று விடாமல். அம்மா கணவரைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க எந்த மொழியிலும் ஆள் கிடையாது. அப்பா தன் மாஸ்டர்ஸ் டிகிரியை எல்லாம் எங்கோ வைத்துவிட்டு, டாக்டரையும் லொரெய்னையும் விட்டுவிட்டு, என்னிடம் வந்து முறையிட்டார்: "அவளைப் பேச விடுங்கன்னா, எதைப் பேசலாம்னு ஒரு லிஸ்ட் குடுத்துட்டுப் பேச விட மாட்டீங்களாப்பா?"

ஆக, என்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டவர்களே, உடம்பு குழந்தையுடையது, நோய் குழந்தையுடையது, பதில் மட்டும் குடும்பத்துக்குப் பொதுச் சொத்து.